கொட்டகையில் கிளேஸ் சரக்கு

1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரிலும் ஆரோவில்லிலும் ஸ்டோன்வேர் பட்டறைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. பெரும்பாலும் சின்னப் பட்டறைகள். சக்கரம், காயவைக்கும் அலமாரி, சூளை என்று இடத்தைப் பங்கிட்டது போக, 25 கிலோ, 50 கிலோ மூட்டைகளாக வந்து இறங்கும் கிளேஸ் சரக்குக்கு மிஞ்சுவது வெளித் தாழ்வாரம், இல்லையென்றால் நாலு கால் நட்டுத் தகரம் போட்ட கொட்டகை. மட்பாண்ட நூல்கள் இந்த இடத்தில் ஒரே வரியில் முடித்துவிடும்: சரக்கை உலர்ந்த இடத்தில் வையுங்கள். காலைக் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் கடலோரத்தில் அந்த வரிக்குப் பொருளே இல்லை. உலர்ந்த இடம் இல்லாதவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. இந்த அத்தியாயம் சொல்லும் பதில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காற்றின் ஈரத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிடலாம். தடுக்க வேண்டியது தண்ணீரை. இரண்டும் ஒன்றல்ல, ஒன்றென்று நினைப்பதால்தான் காசு தவறான இடத்தில் செலவாகிறது.

முதலில், நனைந்தால் எது கெடும், எது கெடாது என்று பார்க்க வேண்டும். ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், டால்க், டாலமைட், சாக்குத்தூளான வைட்டிங், சைனா க்ளே, இரும்பு ஆக்சைடு ஆகியவையெல்லாம் கல்லும் மண்ணும். மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழைநீரில் ஊறிக் கிடந்தவை கொட்டகையில் ஒரு பருவமழை நனைந்தால் குணம் மாறிவிடாது. நனைந்த குவார்ட்ஸ் மூட்டை காய்ந்தால் மறுபடி குவார்ட்ஸ்தான். கட்டிதட்டியிருந்தால் இடித்துச் சலித்துக்கொள்ளலாம். ஆனால் நனைந்த மூட்டை தராசில் பொய் சொல்லும். கிளேஸ் என்பது எடைக்கணக்கு. ஒரு கிலோ என்று நிறுத்துப் போட்டதில் இருநூறு கிராம் தண்ணீராக இருந்தால், சூளையில் அது ஆவியாகப் போய்விடும். பாண்டத்தின் மேல் மிஞ்சுவது எண்ணூறு கிராமுக்குரிய கிளேஸ். ஆகவே பெரும்பாலான சரக்குக்கு ஈரத்தால் வரும் நட்டம் பொருளில் இல்லை, அளவில்தான் இருக்கிறது.

பெர்னார்ட் லீச்சின் பெயரோடு வழங்கும் 4-3-2-1 கலவையை எடுத்துக்கொள்வோம். ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, வைட்டிங் 20, சைனா க்ளே 10. நான்கு மூட்டைகளும் ஒரே அளவுக்கு நனைந்திருந்தால் கிளேஸுக்கு ஒன்றும் ஆகாது. விகிதம் மாறவில்லை, வாளியில் ஊற்றும் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் போதும். வைட்டிங் மூட்டை மட்டும் தகரத்தின் ஓட்டைக்கு நேர்கீழே இருந்து 20 விழுக்காடு ஈரம் ஏறியிருந்தால் கதை வேறு. 20 என்று நிறுத்தது உண்மையில் 16. நூற்றுக்குக் கணக்கிட்டால் வைட்டிங் 16.7ஆக இறங்கி, குவார்ட்ஸ் 31க்கு மேல் ஏறிவிடும். உருக வைக்கும் சரக்கு குறைந்து உருக மறுக்கும் சரக்கு கூடுகிறது. கிளேஸ் விறைத்து நிற்கும், பளபளப்பு மங்கும். சூளையைத் திறப்பவர் வெப்பம் பற்றவில்லை என்று சூளையைத் திட்டுவார், அடுத்த முறை கூடுதலாக விறகு போடுவார். இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஒரு சரக்கின் ஈரம் எவ்வளவு கெடுக்கும் என்பது, ஈரத்தின் அளவையும் கலவையில் அந்தச் சரக்கின் பங்கையும் பெருக்கி வருவது. பெண்டோனைட் காற்றிலிருந்தே 10 விழுக்காடு வரை ஈரம் பிடிக்கக்கூடியது. ஆனால் கிளேஸில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் அதைப் போடுகிறோம், பிழை 0.2. அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. நாற்பது பங்கு போகும் ஃபெல்ஸ்பாருக்கு மேலே கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

அப்படியானால் தண்ணீர் எந்த வழியாக வருகிறது? காற்றின் வழியாக என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 டிகிரி வெப்பத்தில், ஈரம் நிரம்பி வழிகிற காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் தண்ணீரைத்தான் சுமக்கும். 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் பாதிக்குச் சரக்கு, மீதி 25 லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். பகல் வெயிலில் உள்ளே 45 டிகிரி ஏறி, இரவில் 25க்கு இறங்குகிறது. காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும், சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளிழுக்கும். அந்த இழுப்பு சுமார் ஒன்றரை லிட்டர். அதில் இருக்கும் தண்ணீர் 0.035 கிராம். 365 நாளும் இதே கூத்து நடந்து, வந்த ஈரம் ஒரு சொட்டுக்கூடத் திரும்பிப் போகவில்லை என்று வைத்தாலும் ஆண்டுக்கு 13 கிராம். உள்ளே 25 கிலோ ஃபெல்ஸ்பார் இருந்தால் இது 0.05 விழுக்காடு. கிளேஸ் நிறுக்கும் தராசிலேயே அதைவிடப் பெரிய பிழை இருக்கும்.

இனி அதே டிரம்மை மழையில் வையுங்கள். மூடியின் மேல் விளிம்புக்குள் தண்ணீர் தேங்குகிறது. உச்சி வெயிலில் காய்ந்த டிரம்மின் மேல் திடீரென்று மழை கொட்டினால் உள்ளே இருக்கும் காற்று சில நிமிடங்களில் குளிர்ந்து சுருங்கும். காற்றை இழுக்க வேண்டிய அந்த ஒன்றரை லிட்டர் இழுப்பு, மூடியின் இடுக்கில் தேங்கி நிற்கும் தண்ணீரை இழுக்கும். எண்ணெய் பீப்பாய்களைத் திறந்தவெளியில் வைப்போர் அவற்றைச் சாய்த்தோ படுக்கவைத்தோ வைப்பதற்குக் காரணம் இதுதான். முழு இழுப்பும் தண்ணீராகவே வந்தால், காற்று ஓர் இரவில் கொண்டுவரும் ஈரத்தைப்போல நாற்பதாயிரம் மடங்கு ஒரே மழையில் உள்ளே போய்விடுகிறது. இறுக்கமான மூடி போட்டும் சரக்கு நனைந்துவிட்டதே என்று புலம்புவோரின் டிரம்களில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பரிகாரம் பைசா செலவில்லாதது. டிரம்முக்குக் கீழே ஒரு பக்கம் செங்கல் துண்டு கொடுத்துச் சாய்த்து வைத்தால் மூடியில் தண்ணீர் நிற்காது. மூடியின் மேல் அதைவிட அகலமான பழைய தகரத் துண்டையோ ஆஸ்பெஸ்டாஸ் அல்லாத கூரைத் துண்டையோ கவிழ்த்துக் கல் வைத்தால் இன்னும் நல்லது. வெயில் படாமல் நிழலில் வைத்தால் வெப்பம் ஏறி இறங்குவதே குறைந்து, இழுப்பும் குறையும்.

அடுத்த வழி தரை. மண்மேல் நேரடியாகப் போட்ட சிமெண்ட் தரை கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே விடும். உங்கள் தரை அப்படிப்பட்டதா என்று அறிய ஒரு முழச் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ தரை ஊறுகிறது என்று பொருள். அந்தத் தரையில் சாக்கை வைத்தால் அடிச் சாண் உயரம் எப்போதும் நனைந்தே இருக்கும். மேல் பகுதியிலிருந்து அள்ளுகிற வரை தெரியாது. சிமெண்ட் மூட்டை அடுக்குகிறவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கமே இங்கும் போதும்: தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை, சுவரிலிருந்து கை நுழையும் இடைவெளி. மரப்பலகையில் கறையான் ஏறும் ஊர்களில் செங்கல் அடுக்கி அதன்மேல் கடப்பாக் கல் போடுவதே மேல். கறையான் மரத்தோடு நிற்காது. காகிதப் பைகளையும் தின்று, புற்று மண்ணைக் கொண்டுவந்து சரக்கோடு சேர்த்துவிடும். ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் மண் முழங்கால் உயரம் தெறிக்கும். அந்தச் சிவப்பு இரும்பு. வெள்ளை கிளேஸுக்கான சரக்கில் அது விழுந்தால், நனைந்ததைப்போல அதைக் காயவைத்துத் திருத்த முடியாது. கூரையை வெளியே இரண்டு முழம் நீட்டி, விழும் இடத்தில் ஜல்லி கொட்டி வைக்க வேண்டும். சாக்கின் மேல் தார்ப்பாயை அப்படியே போர்த்துவது மிக மோசமான ஏற்பாடு. இரவில் தார்ப்பாய் குளிர்ந்து அடியில் வியர்த்து, அந்த வியர்வை சொட்டுவது மூட்டையின் மேல்தான். தார்ப்பாய் வேண்டுமென்றால் கம்பு கட்டித் தூக்கிக் கட்டுங்கள். நடுவில் காற்று ஓட வேண்டும்.

இவ்வளவு கணக்கும் சரி, ஆனால் மழையே படாத சோடா ஆஷ் பை பாறையாகிறதே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. காற்றிலிருந்தே ஈரத்தை வாங்கிக்கொள்ளும் சில சரக்குகள் இருக்கத்தான் செய்கின்றன, அவற்றுக்குத் தனி நீதி வேண்டும். ஆனால் அவை கைவிரலுக்குள் அடங்குகிறவை. சோடா ஆஷ் 100 கிராம் முதலில் ஒரு பங்கு தண்ணீரோடு சேர்ந்து 117 கிராம் ஆகும். குளிர்ந்த ஈரத்தில் பத்துப் பங்கு வரை சேர்ந்தால் 270 கிராம் வரை போகும். போதாதற்குக் காற்றின் கரியமிலவாயுவையும் வாங்கிக்கொண்டு ஆப்ப சோடாவின் பக்கம் நகரும். இங்கே பொய் சொல்வது எடை மட்டுமல்ல, பொருளே மாறியிருக்கிறது. எந்தக் கட்டியில் எவ்வளவு தண்ணீர் என்றும் கண்ணால் தெரியாது. ஜிங்க் ஆக்சைடும் மெதுவாக ஈரத்தையும் கரியமிலவாயுவையும் பிடித்துக் கட்டிதட்டும். கிளேஸுக்கு நேரடியாகச் சேராத பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் இந்தக் கூட்டம்தான். பையிலேயே பாதி இறுகிவிட்ட பிளாஸ்டரில் வார்த்த அச்சு வலுவிழந்து உதிரும். வெண்காரம் எதிர்த்திசையில் ஏமாற்றும். அது ஈரத்துக்கு அஞ்சுவதைவிடக் கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையின் சூட்டுக்கு அஞ்ச வேண்டும். பளிங்குபோல் இருந்தது சுண்ணாம்புபோல் வெளுத்தால் உள்ளிருந்த தண்ணீரை இழக்கிறது என்று அறியலாம். பாதித் தண்ணீர் போய்விட்ட வெண்காரத்தைப் பழைய அளவில் நிறுத்தால் 31 விழுக்காடு கூடுதலாகவே போகும், கிளேஸ் ஓடிச் சூளைத்தட்டில் ஒட்டும். இவற்றைக் கொட்டகையில் வைக்காதீர்கள். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, திருகு மூடி டப்பாவில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து டப்பாவுக்கு இடமில்லாத வீடு கிடையாது. கட்டிதட்டிய சோடா ஆஷை வறுத்து மீட்கலாம்தான். அதன் விலைக்கு அந்தப் பாடு தேவையில்லை.

சாம்பலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் சவுக்குக் கட்டை எரித்த சாம்பல் இனாமாகக் கிடைப்பதால் அதைச் சாக்கில் கட்டி வெளியே எறிந்துவிடுவார்கள். கழுவாத சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தைப் பிடித்துக் கசியும், கையையும் அரிக்கும். கழுவிய சாம்பலில் அது போய்விட்டிருக்கும். இரண்டு வகையிலும் நல்ல கிளேஸ் செய்யலாம், இரண்டும் வேறு வேறு கிளேஸ். கொட்டகையின் ஓரத்தில் சாரலில் நனைந்த சாம்பல் இரண்டும் இல்லாதது. மேல்பாதி கழுவியது, கீழ்ப்பாதி மேலே கரைந்ததையும் சேர்த்து வாங்கியது. ஒரு முறை அழகாக வந்த கிளேஸ் மறுமுறை வராததற்குப் பலர் சூளையின் மர்மத்தைக் காரணம் சொல்வார்கள். சாம்பல் சாக்கு எங்கே நின்றது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இனி இரண்டு வைத்தியங்கள். ஒன்று, டிரம்முக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது. அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரம் பிடிக்கும், அவ்வளவுதான். மூடி சரியாக இருந்தால் மேலே கண்ட கணக்குப்படி அது தேவையில்லை. மூடி சரியில்லையென்றால் அது போதாது. இன்னொன்று, நிறுக்கும் முன் எல்லாவற்றையும் வெயிலில் உலர்த்துவது. கார்த்திகையில் வெயிலுக்கு எங்கே போவது என்பது ஒருபுறம் இருக்க, குவார்ட்ஸ் தூளைக் காற்றில் பரப்பி உலர்த்துவது நுரையீரலுக்குக் கேடு. அந்த நுண்தூசி சிலிக்கோசிஸ் கொடுக்கும். ஈரமான தூள் பறக்காது என்பது ஈரத்தின் பக்கமுள்ள ஒரே நன்மை, அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? மொத்தத்தையும் உலர்த்துவதற்குப் பதிலாக ஈரத்தை அளந்தால் போதும். சந்தேகமான சாக்கின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் கொஞ்சம் எடுத்துக் கலந்து, அதில் சரியாக 100 கிராம் நிறுத்து, இதற்கென்றே ஒதுக்கிய பழைய தோசைக்கல்லில் சிறு தீயில் போட்டு, எடை இறங்குவது நிற்கும்வரை காயவிடுங்கள். 92 கிராம் நின்றால் ஈரம் 8. உங்களுக்கு 500 கிராம் உலர்ந்த சரக்கு வேண்டுமென்றால் 500ஐ 0.92ஆல் வகுத்து 543 கிராம் நிறுங்கள். எட்டு விழுக்காட்டைக் கூட்டினால் போதாதா என்றால், ஈரம் குறைவாக இருக்கும்வரை வித்தியாசம் சிறிது. 20 விழுக்காட்டில் கூட்டினால் 600, வகுத்தால் 625, சரியானது பின்னது. களிமண்ணின் உள்ளிருக்கும் தண்ணீர் 450 டிகிரிக்கு மேல்தான் கிளம்பும் என்பதால் சைனா க்ளேவுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். வெண்காரத்துக்குப் பொருந்தாது, அதன் சொந்தத் தண்ணீரே தோசைக்கல்லில் போய்விடும். நச்சுச் சரக்கு எதையும் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

எல்லாவற்றையும் வந்த அன்றே கலந்து கிளேஸ் கூழாக வாளியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். ஒரே வெள்ளை, ஒரே செலடன் என்று வேலை செய்யும் பட்டறைக்கு இது நல்ல யோசனை. புதுச் சரக்கை உலர்ந்த நாளில் நிறுத்து மொத்தமாகக் கரைத்துவிடலாம். சோதனை செய்துகொண்டே இருப்பவருக்கு இது விலங்கு. மேலும் கரையும் சரக்கு கூழில் கரைந்து தெளிநீரோடு போகும்; சிஎம்சி போன்ற பசை சேர்த்த கூழ் நம் சூட்டில் நாற்றமெடுக்கும்.

பாத்திரத்தில் தகர டிரம் கூடாது. உப்புக் காற்றில் அது துருப்பிடித்து, மூடியைத் திறக்கும்போதெல்லாம் துரு உதிர்ந்து வெள்ளை கிளேஸில் கரும்புள்ளியாக எழும். கடைகளில் இரண்டாம் கையாகக் கிடைக்கும் நீல பிளாஸ்டிக் டிரம், பட்டைக் கிளிப் மூடியோடு இருந்தால் வாங்கலாம். முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, நன்றாகக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். சாக்கிலேயே வைப்பதென்றால் உள்ளே தடித்த பாலித்தீன் பை போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து சைக்கிள் டியூப் வாரால் கட்டுங்கள். நெய்த பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் சில மாதத்திலேயே உளுத்துப் போகும்; தூக்கும்போது கையோடு வரும். ஒவ்வொரு டிரம்முக்கும் சொந்தமாக ஒரு கொட்டாங்கச்சி. கிளேஸ் வாளியில் முக்கிய கரண்டியோடு டிரம்மில் கை விடுவதைவிடப் பெரிய ஓட்டை எந்தக் கூரையிலும் இல்லை.

எல்லாவற்றையும்விட அலட்சியப்படுத்தப்படுவது பெயர்ச்சீட்டு. மார்க்கர் மை வெயிலில் வெளுக்கும், காகிதத்தை மழை கரைக்கும். குயவருக்கு இதற்கு அழகான வழி கையிலேயே இருக்கிறது. களிமண் வில்லை தட்டி, துளை போட்டு, இரும்பு ஆக்சைடால் பெயரும் வாங்கிய மாதமும் எழுதிச் சுட்டுவிடுங்கள். ஒன்றைக் கைப்பிடியில் கட்டுங்கள், இன்னொன்றைத் தூளுக்குள்ளேயே புதையுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அப்படிப்பட்ட நாளில் டிரம்கள் மிதக்கும், புரளும், மூடிகள் மாறும். கோபால்ட், டின் ஆக்சைடு போன்ற விலை கூடியவற்றையும், பேரியம் கார்பனேட், மாங்கனீஸ், செம்புச் சரக்குகளையும் ஐப்பசி பிறக்கும் முன்பே பூட்டிய அலமாரிக்குள், இடுப்புக்கு மேலே ஏற்றிவிட வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகு பெயர் தெரியாத வெள்ளைத் தூள் ஒன்று மிஞ்சினால், அது வைட்டிங்காகத்தான் இருக்கும் என்று ஊகித்து எந்தக் கலவையிலும் சேர்க்காதீர்கள். வினிகர் விட்டால் நுரைக்கிறது என்பதும் சான்றாகாது; பேரியம் கார்பனேட்டும் நுரைக்கும். அது எலிகளைக் கொல்லப் பயன்பட்ட நஞ்சு. கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், இறுக மூடி, ‘நஞ்சு’ என்று எழுதித் தனியே வையுங்கள்.